பாத்துக்கிறேன், மாத்திக்கிறேன்

வேட்பாளர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பதும், அவர்கள் சார்பில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுவதும் என் தொழில். இதற்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்குக் கல்லூரிப் பேச்சுப்போட்டி என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, ஒன்பது வயதில், உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் நான் தொழிலைத் தொடங்கிவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஒருமுறை எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ரைஸ்மில்காரரின் மனைவி நின்றார். எதிர்த்து என் அத்தை நின்றாள். நாற்று நடப் போகிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று ஊர்த்தெருவில் கேட்டார்கள். எங்கள் காலனியில் ஒரு குழாய் இருந்தது. நட்ட நாளிலிருந்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. மில்காரரின் பம்புசெட்டில் போய்க் குடத்தோடு நிற்க வேண்டும். மோட்டார் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம். அத்தைக்கு வேண்டியது அந்தக் குழாயில் தண்ணீர், அவ்வளவுதான். அவளுக்குக் கிடைத்த சின்னமும் குழாயாகவே அமைந்தது.

மில்காரர் மனைவிக்குச் சின்னம் பூட்டு. மூன்றாவதாக ஒரு அம்மாள், மாற்று வேட்பாளராக மனுப்போட்டு வாபஸ் வாங்க மறந்தவர். வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு ஓட்டுக்கூடக் கேட்கவில்லை. அவர் சின்னம் ஒலிபெருக்கி. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அத்தைக்கு மேடைப் பேச்சு வராது. அவளுக்காகப் பேசியது அவள் தம்பி, என் சித்தப்பா. வாலாஜாபாத்தில் ஒரு பாயின் ஜவுளிக்கடைக்கு ஆட்டோவில் மைக் பிடித்து ஆடித் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்தவர். மைக்கைப் பிடித்துவிட்டால் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் ழகரம் நாக்கில் நிற்காது, குழாய் 'கொயா'வாகிவிடும். அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அவர் வேண்டாத இடத்திலும் ழகரத்தைப் போட்டு, வாலாஜாபாத்தை 'வாழாஜாபாத்' ஆக்கினார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் குட்டிக் குட்டி எனக்கு ழகரம் வந்திருந்தது. அதனால் சின்னத்தின் பெயரைச் சொல்லும் இடத்தில் மைக்கை என் வாயருகே நீட்டுவார். "குழாய்!" என்பேன். ஆட்டோவில் எனக்கு இடம் கிடைத்தது அந்த ஒரு எழுத்தால்தான். பின்னால் ஓடிவரும் பிள்ளைகள் மீது ரோஸ் நிற நோட்டீஸை வீசுவதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆட்டோவின் தலையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை ஓங்கித் தட்டிச் சித்தப்பா ஒரு வசனம் சொல்வார். "இதோ, இந்தக் குழாயிலே வருவது ஏழையின் குரல்! நாளை அந்தக் குழாயிலே வரும் தண்ணீர்!" கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால், நடவு வேலையில் அத்தையோடு நின்ற ஒரு கிழவி சொன்னாளாம். "மறக்கமாட்டேன்டி. ரேடியோ கொயா மேல ஒரே குத்து." கல்யாண வீட்டில் கட்டுகிற ஒலிபெருக்கிக்கு எங்கள் ஊரில் ரேடியோ கொயா என்றுதான் பெயர். வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க சித்தப்பன் அந்தக் கொயாவத் தட்டிக்கினு பேசறத நிறுத்தச் சொல்லு கண்ணு. சனங்க கொயம்பிக்கினு கீது. மாட்டேன்னா சொல்லிடு, நானே வூடு வூடா போய் வெளக்கிட்டு வரேன்."

சித்தப்பா டீக்கடையில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சொன்னேன்.

"கைதட்டு எந்த எடத்துல வியுதுன்னு பாத்தல்ல? அந்த எடத்துலதான். அத எடுத்துட்டா பேச்சுல இன்னா கீது?" என்றார். பிறகு, "சரி, பாத்துக்கிறேன்னு சொல்லு" என்று அடுத்த பன்னை எடுத்தார்.

திரும்பி வந்தபோது அத்தை சேற்றுக் காலைக்கூடக் கழுவாமல் வாசலிலேயே நின்றிருந்தாள். பாத்துக்கிறேன் என்றால் அவள் விடமாட்டாள், மறுபடியும் அனுப்புவாள். மறுபடியும் போனால் சித்தப்பா எரிந்துவிழுவார், ஆட்டோவில் என் இடம் போய்விடும்.

"மாத்திக்கிறேன்னு சொல்லிட்டாரு அத்த."

"சொல்லிட்டானா? நல்லதாப் போச்சு" என்று காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள். வீடு வீடாகப் போகவில்லை. மறுநாள் விடியுமுன் நடவுக்குப் போய்விட்டாள். கடைசிநாள் பிரச்சாரத்தில் சித்தப்பா வழக்கத்தைவிட ஓங்கித் தட்டினார். நானும் "குழாய்!" என்றேன், ஒரு பிசிறில்லாமல்.

அத்தை பதினோரு ஓட்டில் தோற்றாள். வெளியிலேயே வராத அந்த அம்மாளின் ஒலிபெருக்கிக்கு முப்பத்தெட்டு ஓட்டு. மறுநாள் அந்தக் கிழவி வந்து, "ரேடியோ கொயா மேல நல்லா அயுத்திக் குத்துனேன்டி, எப்பிடித் தோத்த?" என்று அழுதாள். அத்தை அவளைத் தேற்றி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாத்திக்கிறேன்னுதானே சொன்னான்?"

"ஆமா" என்றேன்.

அன்று சாயங்காலம் வாசலில் சண்டை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாதவன் என்றாள் அத்தை. "நான் எப்ப அப்டி சொன்னேன்?" என்றார் சித்தப்பா. இரண்டு பேரும் என்னைக் கேட்டிருந்தால் விஷயம் ஒரு நொடியில் முடிந்திருக்கும். குழந்தையை எதற்கு இழுப்பது என்று விட்டுவிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று மிச்சமிருந்த நோட்டீஸில் கப்பல் செய்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. குழாயிலும் தண்ணீர் வரவில்லை. அத்தை மில்காரரின் பம்புசெட்டுக்கே குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். ஒரே வாசலில் இருந்துகொண்டு எத்தனை நாள்தான் பேசாமல் இருக்க முடியும்? கூரை மாற்றுவது, கூழ் ஊற்றுவது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்று ஏதாவது வந்துகொண்டே இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டியதை அவர் என்னிடம் சொல்லியனுப்பினார். அவரிடம் சொல்ல வேண்டியதை அவளும் என்னிடமே சொல்லியனுப்பினாள். வீட்டில் இத்தனை பேர் இருக்க, என்னை மட்டும் இவ்வளவு நம்புகிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.