பொழுது சாய்ந்தால் வரும் போன்கள்

ட்ரோன் ஓட்டுகிறவனுக்கு வானம் முழுக்க இடம் இருக்கிறது, பறக்கத்தான் இடம் இல்லை.

நான் பாலக்கரைக்காரன். கல்யாணங்களில் படம் எடுப்பேன், வயலுக்கு மருந்தும் அடிப்பேன். விமான நிலையத்துப் பக்கம் கூடாது, கோயிலுக்கு மேலே கூடாது, இருட்டிவிட்டால் அனுமதி இல்லாமல் எங்கேயுமே கூடாது. மீறினால் பைலட் சான்றிதழ் போய்விடும். எனக்கோ வேறு தொழில் தெரியாது. ஆனால் சக பாவிகளே, பொழுது சாய்ந்த பிறகுதானே நமக்கு போனே வருகிறது?

கோபுரமும் ரிசப்ஷனும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிசப்ஷன். விளக்கெரியும் ராஜகோபுரத்துக்கு மேலிருந்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் காட்ட வேண்டும் என்றார் பெண்ணின் மாமா. ராத்திரி, அதுவும் கோயிலுக்கு மேலே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுமதி கிடைக்காது என்று கும்பிட்டுச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெருமாளே கருட வாகனத்துல ராத்திரிதான் எழுந்தருளறார். அவர் யார்கிட்ட பர்மிஷன் வாங்கினார், சொல்லுங்கோ?"

லால்குடிக் கம்பி

லால்குடி பக்கம் ஒரு விவசாயி, நெல்லுக்கு ராத்திரியில் மருந்து அடிக்கக் கூப்பிட்டார். பூச்சி தூங்கும்போது அடித்தால் தப்பிக்காதாம். முடியாது என்று சொல்லிவிட்டுக் காலையில் போனேன். வயலுக்குக் குறுக்கே, தலைக்குச் சற்று மேலே, மின்கம்பி தொய்ந்து தொங்கியது. இருட்டில் நேராக அதில்தான் போய் மாட்டியிருப்பேன். கம்பி இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதுக்கு ஏங்க பயப்படுறீங்க? பகல்ல அதுல கரண்டே வராது, ராத்திரிதான் வரும்."

சிங்கப்பூர் விமானம்

சிங்கப்பூரிலிருந்து மகள் வருகிறாள், வரவேற்பைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டார். வாசலில் ஆரத்தி எடுப்பார்கள் என்று நினைத்து, கேமராவோடு ட்ரோன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில். மாலை மங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் வானத்தைக் காட்டினார்.

"பிளேன் இறங்கறப்ப நம்ம மாடிக்கு மேலதாங்க வரும். பொண்ணு ஜன்னலோரம் உக்காந்திருக்கா. கிட்டப் போய் ஒரு குளோசப் எடுத்துடுங்க."

ட்ரோன் இன்ஜினுக்குள் போனால் விமானத்துக்கே ஆபத்து, உள்ளே இருப்பது உங்கள் மகள்தான் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இன்ஜின் இல்லாத பக்கமாப் போங்களேன்" என்றார். நான் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

விமானம் எங்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அவர் மனைவி இரண்டு கைகளையும் ஆட்டினார். சத்தம் ஓய்ந்ததும் அந்தம்மாவின் முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, உங்களுக்கு ரூல் தெரியுது, விடலை. எதுத்த வீட்டுக்காரர் துபாய்லேர்ந்து ட்ரோன் ஒண்ணு வாங்கிட்டு வந்து தினம் சாயங்காலம் மாடியில விடுறாரே, அவருக்கு யார் சொன்னாங்க?"

பெட்டியை மூடிவிட்டு, ரூலைச் சொல்ல எதிர்வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தப் போனேன். இந்தத் தொழிலில் பறப்பது கொஞ்சம், படியேறி இறங்குவதுதான் அதிகம்.