திருநீற்றுக்குள் கிடந்த ஊசி

துப்பாக்கி துடைக்கிற துவக்கு எண்ணெயின் மணமும் கற்பூர மணமும் ஒன்றாகக் கலந்தால் எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அதுதான் அம்மாவின் மணம். ஊரைவிட்டு வந்து வோபர்னில் ஒன்பதாம் மாடியில் நாங்கள் இருந்த அப்பாட்மென்ற்றின் குசினி மேசையில், சனிக்கிழமை மத்தியானங்களில், தோய்ந்து ஈரத் தலையை முடிந்துகொண்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு அம்மா துவக்குத் துடைக்க இருப்பார். எனக்கு அப்போது பதினொரு வயது.

அது அம்மாவின் துவக்கு, அப்பாவினது அல்ல. அம்மா வேலை செய்த தையல் தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி, லிண்டா அன்ரி என்று நாங்கள் கூப்பிடுவோம், ஒரு நாள் தன்னுடைய சுடும் கிளப்புக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். போய் வந்த அம்மா இரண்டு நாள் அதே யோசனையாகத் திரிந்தார். மூன்றாம் நாள் லைசென்ஸுக்குப் படிக்கப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா, அகராதியைப் பக்கத்தில் வைத்து அந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாஸ் பண்ணினார். பிறகு வாங்கியது சின்ன ரவை போடுகிற துவக்கு. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு ரவை போகும், அடுத்தது தானாக ஏறி நிற்கும். கடதாசி வட்டங்களைத் தவிர வேறெதையும் அது சுட்டதில்லை. ஆனால் அந்த ரவை கரி கக்குகிற சாதி. ஒவ்வொரு முறையும் முழுதாகக் கழற்றித் துடைக்காவிட்டால் அடுத்த முறை மக்கர் பண்ணும்.

துடைக்கவும் அம்மாவிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. மேசையில் விரிக்கத் தமிழ்க்கடையில் சும்மா கிடைக்கும் பேப்பரை எடுப்பார். அதில் சாமிப் படம் ஏதும் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, இருந்தால் அந்தத் தாளை உருவி வைத்துவிடுவார். அப்பாவின் பழைய சாரத் துணியைச் சதுரமாக வெட்டி அடுக்கியிருப்பார். துவக்கு இருந்த பெட்டியின் பூட்டைத் திறக்கும் திறப்பைத் தாலிக்கொடியில் ஊக்கோடு சேர்த்துக் கொழுவியிருப்பார். ரவைகள் வேறு பெட்டியில், வேறு அறையில் இருக்கும். முதல் வேலையாகத் துவக்கின் வாயைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்து, பிறகு சின்ன விரலாலும் தொட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் மரக்கட்டை ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம், சுருள் கம்பி, விசைக் கூடு, இவற்றைப் பிடித்து வைத்திருக்கும் சின்னச் சின்ன இரும்பு ஊசிகள் என்று எல்லாவற்றையும் கழற்றி, இடமிருந்து வலமாகப் படையல் வைக்கிற மாதிரி வரிசையாக வைப்பார்.

ஏன் உதெல்லாம் என்று அப்பா ஒரே ஒரு தரம் கேட்டதாக ஞாபகம்.

"ஊரிலை எங்கட படலையிலை துவக்கோடை வந்து நிண்டு என்னை முழங்காலிலை இருத்தினவங்கள். உதுக்குள்ளை அப்பிடி என்னதான் கிடக்கெண்டு எனக்குப் பாக்க வேணும்," என்றார் அம்மா. வந்தவர்கள் எந்தப் பக்கத்தார் என்று அம்மா கடைசிவரை சொன்னதில்லை. கழற்றி வைத்த துண்டுகளைக் காட்டி, "பாருங்கோ, ஒரு சுருளும் நாலு இரும்பும். உதுக்கே அவ்வளவு நடுங்கினனான்," என்றார்.

அப்பா அதன் பிறகு வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவர்கள் மற்றவர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னைத் "துவக்கு மோள்" என்றார்கள். "உங்கட அம்மா ஆரையடி சுடப் போறா, கொப்பாவையோ?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. என் கூட்டாளி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு என்னை மட்டும் கூப்பிடவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "உங்கட வீட்டோடை சேர வேண்டாமாம், அம்மா சொன்னவ," என்றாள்.

அந்தக் கிழமைதான் நான் அதைச் செய்தேன். அம்மா துவக்கைக் கழற்றி வைத்திருந்தபோது ரெலிபோன் அடித்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிய நேரத்தில் அந்த ஊசிகளில் ஒன்றை எடுத்தேன். எங்கே ஒளிப்பது? சாமித் தட்டில் இருந்த பனையோலைத் திருநீற்றுக் குட்டானுக்குள் ஆழப் புதைத்தேன். சாமியிடம் வைத்தால் களவு ஆகாது என்பது என் கணக்கு.

அம்மா தேடிய தேடல் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. குசினி நிலத்தில் முழங்காலில் தவழ்ந்தார், குப்பைப் பையைக் கொட்டிக் கிளறினார், அரிசியைக்கூட அரித்துப் பார்த்தார். ஒரு கிழமை தேடியும் இல்லை. துவக்கு கழற்றினபடியே கிடந்தது. பிறகு சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "சரஸ்வதி பூசை முடியிறதுக்குள்ளை கிடைச்சால் வைச்சிருப்பன். கிடைக்காட்டி உனக்குப் பிடிக்கேல்லை எண்டு விளங்கித் துவக்கைக் குடுத்திடுவன்."

சாமி ஒன்றும் செய்யவில்லை, செய்தது நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

பூசையன்று அப்பாவின் அண்ணர், என் பெரியப்பா, குடும்பத்தோடு வந்தார். சாமித் தட்டுக்கு முன்னால் என் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின், பிறம்ரனுக்கு அப்பா ஓடுகிற லொறியின் திறப்பு, அவற்றுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியில் துவக்கின் துண்டுகள், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு.

"உதென்ன கோலம்?" என்றார் பெரியப்பா. "தாலிக்கொடியிலை துவக்குத் திறப்புக் கொழுவிற பொம்பிளையை நான் உலகத்திலை கண்டதில்லை. டேய் தம்பி, நீ ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

"அவவைக் கேளுங்கோ அண்ணை," என்றார் அப்பா. "லொறியைப் பற்றி எண்டால் என்னைக் கேளுங்கோ."

ஊசி தொலைந்த கதையைக் கேட்டதும் பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியோ பிள்ளை, ஆண்டவனே கழட்டிப் போட்டிட்டார். அவர் கழட்டினதை நீ பூட்டாதை." அம்மா திரும்பி விளக்குக்கு எண்ணெய் விட்டார்.

பதிகம் பாடி, தீபம் காட்டி முடிந்தது. வீட்டுக்கு மூத்தவர் என்றபடியால் பெரியப்பாதான் திருநீறு தரவேண்டும். நாளும் அள்ளிக் குறைந்திருந்த குட்டானுக்குள் மூன்று விரலை விட்டவர், "சீ, இதென்ன சாமான்?" என்று வெளியே எடுத்தார். வெள்ளை வெளேரென்று திருநீறு பூசிக்கொண்டு அந்த ஊசி அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

அம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி ஊசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆண்டவன் கழட்டினவர் எண்டனீங்கள் அத்தான். இப்ப அவரே எடுத்துத் தந்திட்டார், அதுவும் உங்கட கையாலை," என்றார் பெரியப்பாவைப் பார்த்து.

அப்படியே நிலத்தில் சம்மணமிட்டு இருந்து, சேலைத் தலைப்பால் ஊசியைத் துடைத்து, எல்லாருக்கும் முன்னால் துண்டு துண்டாகப் பூட்டினார். சுருளை அமத்தினார், கூட்டை வைத்தார், ஊசிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார், மரத்தைப் பொருத்தித் திருகாணியை இறுக்கினார். கை நடுங்கவில்லை. கடைசியில் பிடியை இழுத்துவிட அது சடக்கென்று மூடியது. பெரியம்மா காதைப் பொத்தினார். பெரியப்பா திருநீறு தர மறந்து நின்றார்.

அவர்கள் போன பிறகு அம்மா அவல் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "நீயோ எடுத்தனி?"

"ஓம்."

"வெக்கமோ?"

"ஓம்."

"எனக்கில்லை. முழங்காலிலை இருந்த அண்டைக்குப் படுறதெல்லாம் பட்டு முடிச்சிட்டன்." தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனி வெக்கமெண்டால் என்னட்டைச் சொல்லு. ஒரு கிழமையா ஆண்டவனை வீண் பழி சுமக்க வைச்சிட்டாய், போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேள்," என்றார். கேட்டேன். அடுத்த சனி தமிழ் வகுப்பில் அதே பிள்ளை அதே கேள்வியைக் கேட்டபோது, "இன்னும் முடிவெடுக்கேல்லை, உன்ரை பேரும் லிஸ்ற்றிலை இருக்கு," என்றேன். அதற்காக மணித்தியாலக் கணக்கில் வெளியே நின்றேன். நின்றாலும் தலையை நிமிர்த்தித்தான் நின்றேன்.

இப்போது அந்தத் துவக்கு இல்லை. கண்ணில் புரை வந்து வட்டம் மங்கத் தொடங்கியதும் அம்மாவே முறைப்படி கிளப்பில் ஒருவருக்கு விற்றார். இப்போது அம்மாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. வோபர்ன் குசினியில் வேறு யாரோ சமைக்கிறார்கள். இனியும் தொலைந்தால் என்று அம்மா அதன் பிறகு வாங்கி வைத்த மேலதிக ஊசி ஒன்று மட்டும் வெக்ஸ்போர்டில் என் வீட்டுச் சாமித் தட்டில், அதே குட்டானுக்குள் இருக்கிறது.

"அம்மா, உதை எழுதாதேங்கோ, கோயில் ஆக்கள் வெயர்டா நினைப்பினம்," என்றாள் என் மகள்.

நினைக்கட்டும். எல்லாரும் வாசிக்கத்தான் எழுதுகிறேன். வருகிற சரஸ்வதி பூசைக்கு வருகிறவர்கள் வாருங்கள். திருநீறு எடுக்கும்போது விரலில் இரும்பு தட்டுப்பட்டால் அது என் அம்மாவினது. எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும்.