அறுபது பாய் எழுந்திருக்கவில்லை

நாகப்பட்டினம் கடைத்தெருவில் நின்று மீரா உசேன் கடை எங்கே என்று கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். அறுபது பாய் கடை என்று கேட்டால் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அவருக்கு அறுபது வயதாக இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் அரிசி மண்டி லியாகத் அலி. வைத்த இடம் ஒரு கல்யாண விருந்து. வைத்தது கஜா புயல் அடித்த வருஷம். புயலில் சாய்ந்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்றெல்லாம் பாளை விட்டாயிற்று, இந்தப் பெயர் மட்டும் சாய்ந்தபாடில்லை.

மீரா உசேன் ஷார்ஜாவுக்குப் போனது மீசை முளைத்த கையோடு. கம்ப்யூட்டர் கடை ஒன்றில் அட்டைப் பெட்டி தூக்கப் போனவர், தூக்கின பெட்டிக்குள் இருப்பதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தக் கடையை மூடினார்கள், விசாவும் போயிற்று, ஒரே ஒரு பெட்டியோடு ஊர் வந்து இறங்கினார். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வருகிறவனை முகத்தைப் பார்த்து எடைபோடுவதில்லை, காரின் தலையில் கட்டியிருக்கும் பெட்டிகளைப் பார்த்துத்தான். நாலு பெட்டி என்றால் நாற்காலி போடுவார்கள். ஒரு பெட்டி என்றால் "மறுபடி எப்ப பயணம்?" என்பார்கள். மனைவி கமருன்னிஸாதான் அந்த ஒற்றைப் பெட்டியை இறக்கி உள்ளே வைத்து, "ஆளு வந்து சேந்தாங்கள்ல, அது போதும்" என்றாள்.

கடை போட்டார். கைராசி நன்றாகவே இருந்தது. கம்ப்யூட்டரில் சுடுகிற ஆட்டம் ஆடும் பிள்ளைகளுக்குச் சாதாரணத் திரை போதவில்லை என்று ஊரில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். சாதாரணத் திரை ஒரு நொடிக்கு அறுபது முறை படத்தை மாற்றிக் காட்டும். அவர் சென்னையிலிருந்து வரவழைத்த புதுத் திரை நூற்று நாற்பத்து நாலு முறை மாற்றும். எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவதற்குள் பார்த்துவிடலாம். ஆனால் திரை மட்டும் போதாது. கம்ப்யூட்டரின் முதுகில் சரியான வாயில், சரியான வயரைச் சொருக வேண்டும். அது தவறினால் யானை விலைத் திரையும் அறுபதிலேயே நின்றுவிடும்.

இந்தத் திரை ஒன்றை லியாகத் அலி வாங்கினார். மகள் அனீஸா கல்லூரியில் கார்ட்டூன் படம் செய்கிற படிப்பு படித்தாள், அவளுக்கென்று சொன்னார். உண்மையில் சம்பந்தி வீட்டில் இருப்பதைவிட ஒரு படி மேலே வேண்டும், அவ்வளவுதான்.

"நானே வந்து மாட்டித் தர்றேன்ணே" என்றார் மீரா உசேன்.

"எதுக்கு? மாப்ள லீவுல வந்திருக்காரு. அவரு பாத்துக்குவாரு."

"சரிண்ணே. பெட்டியிலேயே ஒரு வயரு இருக்கும். அதைத்தான் போடணும். வேற போட்டுடாதீங்க."

லியாகத் அலி தலையை ஆட்டிவிட்டுப் போனார். அங்கேதான் வினை. மூத்த மாப்பிள்ளை துபாயிலிருந்து முனையில் தங்க முலாம் பூசிய வயர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். டி.வி.க்குப் போடுகிற வயர். பாம்பு மாதிரி தடித்து, பின்னல் உறை போட்டு, பார்க்கவே பவிசாக இருக்கும். மாப்பிள்ளை கடல் தாண்டிக் கொண்டு வந்ததை விட்டுவிட்டு, பெட்டியோடு சும்மா கிடைத்த கறுப்பு வயரைப் போடுவார்களா? அதோடு கம்ப்யூட்டரின் முதுகில் படத்துக்கென்றே இருக்கும் நல்ல வாய்களை ரப்பர் மூடி போட்டு மூடி அனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் புதுச் சோபாவின் பாலிதீன் உறையையே கிழியும்வரை கழற்றாதவர்கள். மூடியைக் கழற்றினால் பழசாகிவிடும் என்று அதை அப்படியே விட்டு, மூடியில்லாத சாதா வாயில் தங்க வயரைச் சொருகினார்கள். அனீஸா திரைக்கான அமைப்பைத் திறந்து பார்த்து, வெள்ளந்தியாக, "அறுபதுன்னுதானே காட்டுது" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண விருந்து. எங்கள் விருந்துகளில் தனித்தனி இலை கிடையாது. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து நடுவே வைப்பார்கள், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். கூட உட்கார்ந்த கடைசி ஆள் கையெடுக்கும்வரை மற்றவர் எழுந்திருப்பது மரியாதை இல்லை. மீரா உசேனுக்கு இடம் கிடைத்தது லியாகத் அலியின் சஹனில். அவர் சம்மணமிட்டு பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார். லியாகத் அலி விருட்டென்று எழுந்தார்.

"அறுபதை நூத்தி நாப்பத்து நாலுன்னு விக்கிறவனோட ஒரு சஹன்ல நான் கை வைக்க மாட்டேன்."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மீரா உசேன் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"அண்ணே, வயரை மாத்திப் போட்டிருப்பாங்க. ஒரு நிமிஷம் ஊட்டுக்கு வந்து பாத்துடறேன்."

"என் மருமவன் துபாய்லேருந்து கொண்டாந்த வயரைக் குத்தம் சொல்றியா? ஒத்தப் பெட்டியோட வந்தவனுக்கு வாயப் பாரு! என் வாசப்படி மிதிச்சே, காலை ஒடிச்சுப்புடுவேன்."

அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் அறுபது பாய். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே. மீன்காரி பொன்னுத்தாய்கூட "அறுபது ஊட்டம்மா, வஞ்சிரம் வந்திருக்கு" என்றுதான் கமருன்னிஸாவைக் கூப்பிட்டாள். கடை வாசலில் ஒரு திரையை நூற்று நாற்பத்து நாலு என்று எண் தெரிய ஓடவிட்டுப் பார்த்தார். கடையில் காட்டுவது வேறு, வீட்டுக்குக் கொடுப்பது வேறு என்றார்கள். ஆடுகிற பிள்ளைகள் திரை வாங்க மயிலாடுதுறைக்கு பஸ் ஏறினார்கள். அவருக்கு மிஞ்சியது ஜெராக்ஸும் செல்போன் கண்ணாடியும்தான்.

வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது. தொழுதுவிட்டுக் கையேந்தினால்கூட லியாகத் அலியின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. "அல்லாவுட்ட விட்டுடுங்க" என்பாள் கமருன்னிஸா. "அல்லாவுட்ட விட்டது விட்டதுதான். என் பங்கு ஒண்ணு இருக்குல்ல" என்பார் அவர்.

இப்படியே கொரோனா வந்து போனது. ஒரு நாள் அனீஸா கடைக்கு வந்தாள். படிப்பு முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறாளாம், லீவில் வந்திருக்கிறாளாம். எதையோ வாங்க வந்தவள்போல் நின்றவள் சட்டென்று சொன்னாள்.

"சாச்சா, அந்தத் திரை நூத்தி நாப்பத்து நாலுதான்."

மீரா உசேன் நிமிர்ந்தார்.

"லாக்டவுன்ல சும்மா இருந்தப்ப மூடியைக் கழட்டி, பெட்டியில இருந்த வயரை மாட்டிப் பாத்தேன். சரியா வந்துச்சு. வாப்பாட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். ஊருக்கு முன்னாடி சொன்னதை மாத்திப் பேச முடியுமா, வாயை மூடுன்னுட்டாங்க. மச்சான் லீவுல வர்றாங்கன்னு மறுபடியும் தங்க வயரையே மாட்டச் சொன்னாங்க."

அதுவரை அவர் லியாகத் அலியை முரடன் என்றுதான் நினைத்திருந்தார். தெரியாமல் செய்தவனை என்றைக்காவது மன்னித்திருப்பார். தெரிந்துகொண்டே, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிவாசலில் எதிரே வந்து, "என்ன அறுபது, சௌக்கியமா?" என்று கேட்டவனை என்ன செய்வது?

அனீஸா போகவில்லை. அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. லியாகத் அலி மண்டி மாடியில் கேமிங் சென்டர் ஒன்று திறக்கப் போகிறார். எல்லாத் திரையும் இருநூற்று நாற்பது. யோசனை அவளுடையது, எந்தத் திரை, எந்தக் கம்ப்யூட்டர் என்று எழுதிக் கொடுத்ததும் அவள். சாமான் வந்து இறங்கியதும், பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை, நீயும் மேலே ஏறாதே என்றுவிட்டாராம்.

"நேத்து யாரும் இல்லாதப்ப ஏறிப் பாத்தேன் சாச்சா. ஒரு மூடியும் கழட்டல. எல்லாத்துலயும் மச்சான் அனுப்புன தங்க வயரு."

"வாப்பாட்ட சொன்னியாம்மா?"

"வாயை மூடச் சொன்னாங்கள்ல. மூடிக்கிட்டேன். நீங்க திறப்பு விழாவுக்கு வருவீங்கதானே?"

மீரா உசேன் அன்றைக்குத்தான் பல வருஷம் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து திறப்பு விழா. கடைத்தெரு முழுவதையும் கூப்பிட்டிருந்தார் லியாகத் அலி. கீழே மண்டியில் மூட்டைகளை ஒதுக்கிச் சாப்பாட்டுப் பந்தி, மேலே வரிசையாகத் திரைகள். அன்றைக்கு மட்டும் பெண்களுக்கும் மாடியில் இடம், துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம். மைக்கைப் பிடித்த லியாகத் அலி, "தஞ்சாவூர்ல கிடையாது, மன்னார்குடில கிடையாது. இருநூத்தி நாப்பது! நம்ம ஊர்ல சில பேரு மாதிரி அறுபதைக் காட்டி ஏமாத்துற வேலை இங்க இல்ல" என்றார். கூட்டம் அறுபது பாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

மீரா உசேன் அந்தச் சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தார். ஒரு சிரிப்பும் வீணாகக்கூடாது அவருக்கு.

"ரொம்ப சந்தோஷம்ணே. நீங்க சொல்றதைவிட, கம்ப்யூட்டரே சொன்னா நல்லாயிருக்கும்ல?"

"தாராளமா! பஞ்சநதம், காட்டுப்பா."

வயரெல்லாம் இழுத்த எலக்ட்ரீஷியன் பஞ்சநதம் முதல் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். மீரா உசேன் சொல்லச் சொல்ல, திரைக்கான அமைப்புகளைத் திறந்தார். எண் வந்தது. எட்டிப் பார்த்த ஒருவன் கத்தினான்.

"அறுபது!"

அடுத்ததைத் திறந்தார்கள். அறுபது. அதற்கடுத்ததும் அறுபது. இப்போது சிரிப்பு திசை மாறிவிட்டது. லியாகத் அலியின் காது மடல் சிவந்தது. "சென்னைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

"யாரும் ஏமாத்தலண்ணே. பெட்டியில வந்த வயரெல்லாம் எங்க?"

"பிரிக்காம பீரோவுல இருக்கு பாய்" என்றார் பஞ்சநதம். "மூடியையும் கழட்டக் கூடாது, புதுசாவே இருக்கணும்னுட்டாங்க. நான் என்ன பண்ண?"

கறுப்பு வயர் வந்தது. மீரா உசேன் கம்ப்யூட்டரைத் திருப்பி, ரப்பர் மூடியைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். தங்க வயரை உருவி அதன் பக்கத்தில் வைத்தார். கறுப்பு வயரைச் சொருகி, எண்ணை மாற்றினார். திரை ஒருமுறை இருண்டு வெளுத்தது. அவர் மைக்கை எடுத்து லியாகத் அலியின் கையில் கொடுத்தார்.

"நீங்களே படிங்கண்ணே."

"...இருநூத்தி நாப்பது."

"உங்க ஊட்டுல இருக்கறது எவ்வளவு?"

மைக் கொய்யென்று கத்தியது. துணித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அனீஸாவின் குரல் வந்தது. "நூத்தி நாப்பத்து நாலு வாப்பா. நான்தான் லாக்டவுன்ல மாட்டிப் பாத்த அன்னிக்கே உங்கள்ட்ட சொன்னேனே."

அன்னிக்கே என்ற சொல்தான் ஆளைச் சாய்த்தது. தெரிந்தே சொல்லிவந்த பொய் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பள்ளிவாசல் இமாம் மாடியிலிருந்து இறங்கும்போது, "லியாகத், இன்னிக்கு மீரா உசேன் உங்க சஹன்லதான் உக்காரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்தார்கள். மன்னார்குடியிலிருந்து வந்த நெல் வியாபாரிகள் இரண்டு பேர், எதிரும் புதிருமாக இவர்கள் இரண்டு பேர். லியாகத் அலி நல்ல கறித் துண்டாகப் பிய்த்து மீரா உசேன் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்கவில்லை. மீரா உசேன் பிஸ்மி சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்தார். அன்று வாய்க்குப் போகாத கவளம் அது. மென்றார். நன்றாக மென்றார்.

வியாபாரிகள் முடித்துவிட்டார்கள். லியாகத் அலியும் முடித்துவிட்டார். மீரா உசேன் தாள்ச்சாக் குழம்பில் கத்தரிக்காயைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்க தூரம் போறவங்க, எந்திரிங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று வியாபாரிகளை அனுப்பிவைத்தார். லியாகத் அலியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பந்தி காலியானது. பாய்களைச் சுருட்டினார்கள். இந்த ஒரு பாய் மட்டும் நடுமண்டியில் கிடந்தது. லியாகத் அலியின் விரல்களில் நெய் காய்ந்து வெள்ளையாகப் படிந்தது. முழங்கால் வலிக்காரர், சம்மணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். சஹன் கழுவுகிறவர்கள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். வாசலில் இன்னும் கொஞ்சம் பேர் கூடினார்கள். மீரா உசேன் சோற்றைப் பருக்கை பருக்கையாக எடுத்தார்.

"போதுமா தம்பி?" என்றார் லியாகத் அலி.

"ரொம்ப வருஷத்துப் பசிண்ணே. இன்னும் கொஞ்சம் சோறு கொண்டாரச் சொல்லுங்க."

கொண்டு வந்தார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் மீரா உசேன் விரலைச் சூப்பிக் கையெடுத்தார். லியாகத் அலி எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

நெஞ்சு நிமிர்ந்து வெளியே வந்தார் மீரா உசேன். டீக்கடை வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "கேள்விப்பட்டோம், கேள்விப்பட்டோம்! உங்க பேரைச் சுத்தமாக் காப்பாத்திட்டீங்களே, அறுபது பாய்!"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சொன்னவர்கள் முகத்தில் கேலி துளியும் இல்லை. உண்மையான சந்தோஷம். அவர்களுக்கு வேறு பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கமருன்னிஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "அதான் பழி தீந்துடுச்சுல்ல, இனியாவது நிம்மதியாத் தூங்குங்க" என்றாள் அவள்.

அடுத்த மாசம் மகள் ஷமீராவுக்கு நிக்காஹ். பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையைத் தானே எடுத்துக்கொண்டு போய் லியாகத் அலியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அவரைத் தன் சஹனிலேயே உட்கார வைப்பது என்றும் முடிவு செய்தாயிற்று. அந்தச் சஹனுக்கு மட்டும் தின்று முடிக்க நேரமெடுக்கிற எலும்புக் கறியாகப் பார்த்துப் போடும்படி சமையல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.