ஏரிக்கரைப் பூங்காவில் கமலாம்மாளின் முறை

அண்டை வீட்டாரே, நீங்கள் யாரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்கிறேன் என்று பழவேற்காட்டு ஏரியின் மேல் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே, “கமலாம்மா போயிட்டாங்க சார்” என்று சொன்ன கணத்தில் ஏரித் தண்ணீர் ஒரு முழம் கீழே இறங்கியது. கண்ணால் கண்ட சாட்சி நான்.

ஏரிக்கரையில் மனை பிரித்து உருவான நம் நகரின் கடைசி மனை அவருடையது. சென்னை டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பியே இல்லாமல் கல்கத்தா வரை கேட்கும் குரல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் நாமெல்லாம் முதுமைக்கென்று இங்கே மனை வாங்கியபோது, ஏரி தெரியாத மனைதான் அவருக்குக் கட்டுப்படியானது. வரைபடத்தில் கரையோரம் பச்சையாகத் தீட்டியிருந்த பொதுப் பூங்காவை நம்பி வாங்கினார். “ஜன்னல்ல ஏரி இல்லேன்னா என்ன, நடந்து போனா இருக்கே” என்பார்.

குடிவந்த பிறகு பூங்காப் பக்கம் நாம் யாரும் போகவில்லை. அங்கே கொசு ஒவ்வொன்றும் வாத்து அளவு. ஒரு நாள் பச்சைக்குள் மனைக் கற்கள் முளைத்திருந்தன. ஆள் நடமாட்டமே இல்லாத இடம், சும்மாதானே கிடக்கிறது என்றார் நகரை உருவாக்கிய முதலாளி. பொன்னேரி கோர்ட்டுக்கு இழுக்கிறேன் பார் என்று சிங்கமாக முழங்கிவிட்டு நான் மதியத் தூக்கத்துக்குப் போனேன்.

கமலாம்மாளோ தோணிரேவுக்கு மீன் வாங்கப் போனார். ஏரியில் ஒரு கூட்டம் மட்டும் வலை போட, மற்றவர்கள் கரையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு மீனவர் ஏழுமலை சொன்னாராம்: “இன்னிக்கு அவங்க பாடும்மா, வலை போடுற முறை. நாளைக்கு எங்களுது. ஏரி அல்லாருக்கும்தான். ஆனா முறை வந்தா வந்து நிக்கணும். ஊட்ல குந்திக்கினு எனக்கும் பங்கு கீதுன்னா எவன் கேப்பான்?”

மறுநாளே கமலாம்மாள் நம் வீடுகளின் பெயர்களைக் குலுக்கிப் போட்டார். தினம் ஒரு வீட்டார் பூங்காவில் போய் உட்கார வேண்டும். மழையிலும் உட்கார்ந்தோம். பூநாரைகள்கூட வரிசையில் நின்று முறை கேட்டன. என் நாற்காலிக்கு வேர் விட்டது.

முதலாளி, மனை வாங்க வந்த ஒருவரையும் அளவுச் சங்கிலியையும் கூட்டிக்கொண்டு வந்த அன்று கமலாம்மாளின் முறை. சரியாகக் கல்லின் மேலேயே நாற்காலியைப் போட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

“கொஞ்சம் எழுந்திருங்கம்மா, அளக்கணும்.”

வேடிக்கை பார்க்க நின்ற என்னைக் காட்டினார். “இன்னிக்கு நான். நாளைக்கு வாங்க, இதோ இந்த சார் இருப்பார். அவர்கிட்ட மாட்டினா பேசியே கொன்னுடுவார்.” பிறகு வாங்க வந்தவரிடம் முறுக்கை நீட்டினார். “தாராளமா வாங்குங்க. ஆனா தினம் எங்கள்ல ஒருத்தர் உங்க கூடத்துல வந்து உட்காருவோம். நாங்க எல்லாரும் காசு கொடுத்த இடம் இது.”

வாங்க வந்தவர் முறுக்கோடு நடையைக் கட்டினார். அடுத்து வந்தவர்களுக்கும் அதே முறுக்குதான். கற்கள் போயின; கரை நம்மிடமே நின்றது.

தண்ணீர் இறங்கியது, பூநாரை, நாற்காலி வேர் எல்லாம் என் சரக்கு. ஒரு சிறு விஷயம் மட்டும் மெய். போன வெள்ளிக்கிழமை அவருடைய முறை. அவருக்குப் பதிலாக உட்காரலாம் என்று, யாரிடமும் சொல்லாமல், விடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். நீங்கள் எல்லாரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தீர்கள். அந்த முறையை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.