அக்காவை அழைக்கப் போனோம்

பெண்ணழைக்கப் போய், பெண்ணும் இல்லாமல், கையிலிருந்த சேவுப் பொட்டலமும் இல்லாமல் திரும்பி வந்தவள் நான். அப்போது நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் கரிசல்காட்டு ஊரில் பெண்பிள்ளைக்கு இரண்டே வாசல்கள்தான்: பிறந்த வீட்டு வாசல், கட்டிக்கொடுத்த வீட்டு வாசல்.

அக்கா என் பெரியப்பா மகள். தாவணி போட்டு ஒரு வருஷம்கூட ஆகாதவள். பருத்தி எடுக்கப் போன இடத்தில் காட்டுக்காரர் அவளைப் பலவந்தப்படுத்தினார். ‘படுத்தினார்’ என்று மரியாதையாக எழுதக் கை வரவில்லை. படுத்தினான். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் காட்டில்தான் கூலி. அதனால் ஊருக்குச் சட்டென்று காது கேட்காமல் போய்விட்டது.

வாரம் ஒரு தடவை மருந்துப் பெட்டியோடு வரும் மிஷன் அம்மா ஒருத்தர் இருந்தார். என் அம்மா யாரிடமும் கேட்காமல் அக்காவை அவரோடு பஸ் ஏற்றிவிட்டாள். அருப்புக்கோட்டையில், பாளையம்பட்டி போகிற வழியில், இப்படி அடிபட்டு வந்த பெண்பிள்ளைகளுக்காக மிஷன்காரர்கள் ஒரு விடுதி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஊருக்குக் காது திறந்தது. "பிள்ளைய வேதத்துல சேத்துருவாக" என்று கூட்டம் போட்டார்கள். அவன் செய்ததற்குக் கூடாத கூட்டம் அவள் ஜெபம் பண்ணிவிடக் கூடாது என்பதற்குக் கூடியது. கடைசியில் ஒரு தீர்ப்பும் சொன்னார்கள். கெடுத்தவனே அவளை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். எல்லோரும் வேட்டியை உதறிக்கொண்டு நிம்மதியாக எழுந்தார்கள். என் பெரியப்பாவும் எழுந்தார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணழைக்கப் போகும்போது தங்கை முறைக்காரி ஒருத்தி பூத்தட்டு ஏந்திப் போய், பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். தங்கை முறைக்கு நான் இருந்தேன். புதுப் பாவாடை கிடைத்தது. மாப்பிள்ளை யார், அக்கா ஏன் ஊரில் இல்லை என்பதெல்லாம் என்னிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. அவள் தடுத்துப் பார்த்திருக்கிறாள், அப்பா அடித்திருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் மாப்பிள்ளை, அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் பெரியப்பா. மாப்பிள்ளை எனக்குக் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். இப்படி ஒரு மாமா கிடைத்தாரே என்று இருந்தது.

விடுதிக் கேட்டில் டீச்சரம்மா நின்றார். விடுதியை நடத்துகிறவர் அவர். கேட்டுக்குள் ஆம்பளைகளை விடவில்லை.

"ஊரே கூடிப் பேசி முடிச்சாச்சும்மா. பொண்ண அனுப்பி வைங்க" என்றார் பெரியப்பா.

"ஊரு பேசுச்சு, சரி. அவகிட்ட யாரு பேசுனது?"

"பொட்டப்பிள்ளகிட்ட என்னத்தப் பேசுறது?"

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏதோ நானாச்சும் மனசு வச்சு வந்திருக்கேன். நாளப்பின்ன இவள எவன் கட்டுவான்? நீங்க மாப்பிள பாப்பீகளோ?"

"மனசு வச்சீகளா? வைக்கிற ஆளுதான்!" என்றார் டீச்சரம்மா. "போலீஸு ஸ்டேசன் பக்கத்துலதான் இருக்கு. மிச்சத்த அங்க வச்சுப் பேசுவமா?"

அவன் மனசு வைத்ததாகச் சொன்னதை இன்று நினைத்தாலும் என் உடம்பு கொதிக்கிறது. அன்று எனக்கு டீச்சரம்மா மேல்தான் கோபம். கல்யாணத்தைக் கெடுக்கிற பொம்பளை என்று நினைத்தேன். பெரியப்பா குனிந்து என் காதில், "நீ போயி அக்காவக் கையப் பிடிச்சுக் கூட்டியா. நீ கூப்பிட்டா வருவா" என்றார். சின்னப்பிள்ளைதானே என்று டீச்சரம்மா என்னை உள்ளே விட்டார்.

அக்கா வேப்பமர நிழலில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். பூத்தட்டைப் பார்த்தாள், இறக்கிவிட்டாள். பொட்டலத்தைப் பார்த்தாள்.

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"மாமா. ஒன்னையக் கட்டிக்கப் போற மாமா. கேட்டுல நிக்கிறாரு. பஸ்ஸுல என்னையப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு."

அக்கா பொட்டலத்தைப் பிடுங்கிச் சாம்பல் குழியில் எறிந்தாள். என்னைத் தொட்டிக்கு இழுத்துப்போய், கையில் சோப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். விரல் விரலாக, முழங்கை வரைக்கும் தேய்த்தாள். எரிந்தது. அழுதேன். அவளும் அழுதுகொண்டே தேய்த்தாள்.

பிறகு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். நாங்கள் கைகோத்து வருவதைப் பார்த்துப் பெரியப்பா முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை துண்டைச் சரிசெய்துகொண்டார். அக்கா கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். பூத்தட்டை வெளியே மண்ணில் வைத்தாள்.

"நான் வரலப்பா. என்னைய வெட்டிப் போட்டாலும் வரல." என் கையை எடுத்துப் பெரியப்பா கையில் வைத்தாள். "இவள மட்டும் அந்தாளு பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிப் போகாதீக."

டீச்சரம்மா கேட்டைப் பூட்டினார்.

அதே விடுதியை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அடுத்த ஜூனில் அம்மா என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அக்கா இப்போது அங்கேயே பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். வேதத்தில் சேர்ந்தாளா என்று ஊர்க்காரர்கள் இன்றும் விசாரிக்கிறார்கள். நன்றாக இருக்கிறாளா என்று கேட்டவர் ஒருத்தரும் இல்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் மாப்பிள்ளை என் பக்கம் கை நீட்டினார். பெரியப்பா சட்டென்று என்னைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்து, நடுவில் தான் உட்கார்ந்துகொண்டார். ஊர் வரும்வரைக்கும் அசையவில்லை. சொந்த மகளை அவன் வீட்டுக்கே அனுப்பத் துணிந்தவர்.

நான் சேவு போன துக்கத்தில் விசும்பிக்கொண்டிருந்தேன். போகும்போது கிடைக்காத ஜன்னலோரம் கிடைத்ததும் அழுகை நின்றுவிட்டது. நான் அழுவதைப் பார்த்து இரங்கித்தான் பெரியப்பா இடம் மாற்றித் தந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.