தக்காளி என்று சொன்னால்தான் விற்போம்

1. இருந்தவர்கள்

குலம் அண்ணை. என் முதலாளி. கையில் பெயின்ட் சுரண்டும் தகடு.

ஜெயன். வாடிக்கையாளர். முதுகு நோவுக்கு இடுப்பில் பட்டி கட்டியபடி சுவரில் சாய்ந்து நின்றார்.

சுகந்தி. ஜெயனின் மனைவி. கந்தசஷ்டி விரதம், நான்காம் நாள். காலையிலிருந்து தண்ணீர் மட்டும். வீடு இவருடைய பெயரில்.

கவுன்சில் ஆள். வெள்ளைக்காரர். உயரம். கழுத்தில் அட்டை.

நான்.

ஒரு வாளி. மூடி இல்லாதது.

இடம் லண்டனில் இல்ஃபோர்ட். நகரசபையான கவுன்சில் வாடகைக்குத் தந்த ஃபிளாட், நிலத்தோடு உள்ள வீடு. நேரம் பகல் இரண்டு மணி. கவுன்சில் ஆள் ஒரு சின்ன அறையின் கதவுப்பிடியில் கை வைத்திருந்தார். அறைக்குள் செடி வளர்க்கிற ஒரு சின்னத் துணி டென்ட். டென்டுக்குள் நான்கு கஞ்சாச் செடி. கதவு திறந்தால் சுகந்திக்கு வீடு போய்விடும். அது சுகந்திக்குத் தெரியாது. உள்ளே தக்காளி என்று நினைத்திருந்தார்.

தக்காளி என்று சொல்லப் பழக்கியது எங்கள் கடை. அங்கிருந்து சொல்கிறேன்.

2. கடைச் சட்டம்

நான் ஹொலண்டில் பதினோரு வருஷம் கண்ணாடி வீட்டில் குடைமிளகாய் பிடுங்கினேன். பிறகு லண்டன் வந்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. செடி தெரியும் என்று ஒருவர் சொல்லிவிட, வால்தம்ஸ்டோவில் குலம் அண்ணையின் கடையில் வேலை கிடைத்தது.

கடையில் விற்பது டென்ட், லைட், ஃபேன், மணத்தைப் பிடிக்கிற கரி ஃபில்டர், மண், போத்தலில் உரம். வீட்டுக்குள் செடி வளர்க்க வேண்டிய எல்லாம் இருக்கும். செடியும் விதையும் மட்டும் இருக்காது.

முதல் நாள் அண்ணை என்னை மண் மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்ச் சட்டம் சொன்னார்.

"இஞ்ச வாற எல்லாரும் தக்காளி வளர்க்கினம். விளங்குதோ?"

"ஓம்."

"வேற பேர் ஆரும் சொன்னா கதவைக் காட்டு. பேரைச் சொன்னவனுக்கு வித்தா நாங்கள் உள்ள போவம். சொல்லாட்டி அது தக்காளி."

இரண்டாம் நாளே ஒருவர் வந்து அந்தச் செடியின் பெயரைச் சொல்லி லைட் கேட்டார். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு, அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே விற்பதில்லை என்று சொல்லிவிட்டார். அவர் வெளியே போனார். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தார். அதே ஆள், அதே தொப்பி. தக்காளிக்கு லைட் கேட்டார். அண்ணை சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தார். தக்காளி குளிர் தாங்காது, கவனம் என்றும் சொல்லிவிட்டார்.

ஆறு வருஷம் அந்தச் செடிக்குச் சாப்பாடு விற்றேன். அதன் முகத்தைப் பார்த்ததில்லை. அண்ணையிடம் ஒருமுறை அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக் காட்டினார். தான் கோயில் குளம் என்று போகிற ஆள், அந்தச் சாமானைக் கண்ணால் கண்டதில்லை என்றார். நான் நம்பினேன்.

3. ஓர்கானிக்

ஜெயன் ஓகஸ்டில் வந்தார். பார்சல் வேன் ஓடுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். குனிந்து மண் மூட்டையின் எழுத்தை வாசித்தார். நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முதுகெலும்பில் இரண்டு தட்டு விலகி இருந்ததும், நித்திரைக்காக ஸ்டேஷனடியில் யாரிடமோ கஞ்சா வாங்கிப் புகைத்ததும், அதில் என்ன மருந்து அடித்திருந்தார்களோ, நெஞ்சு கட்டி இருமியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். கடையில் அவர் சொன்னது தக்காளி.

"ஒரு மருந்தும் அடியாமல் வளர்க்கோணும் அண்ணை. ஓர்கானிக். உள்ளுக்கு எடுக்கிற சாமான்தானே."

சின்ன டென்ட் ஒன்று, லைட், ஃபேன், ஃபில்டர் எடுத்தார். கடைசியாக ஓர்கானிக் உரப் போத்தலைக் கையில் எடுத்தார். நான் அதை வாங்கித் திரும்பத் தட்டில் வைத்தேன். அந்தப் போத்தலில் இருப்பது புளித்த மீன். படம் மட்டும் இலை. மீன் கடையில் தலையும் குடலும் சும்மா தருவார்கள், சீனி போட்டு வாளியில் இறுக்கி மூடி வை, ஒரு மாதத்தில் இதைவிட நல்ல உரம் கிடைக்கும் என்று சொன்னேன். அண்ணை அந்நேரம் டீ ஊற்றப் போயிருந்தார்.

இன்னொன்றும் சொன்னேன். சூடான இடத்தில் வை என்றேன்.

இந்த வேலையில் நான் விட்ட முதல் பிழை அதுதான். நான் நினைத்தது வெயில் படுகிற மூலை. ஜெயன் வாளி போட்டது அக்டோபரில். லண்டனில் அந்த மாதம் ஒரு வீட்டில் சூடான மூலை எது என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டாவது பிழை ஃபோனில். ஜெயன் இடைக்கிடை எடுப்பார். விரதம் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது எடுத்தார்.

"கணுவில சின்னச் சின்னக் குலையாத் தொங்குது அண்ணை. நல்லதோ?"

எனக்கு அந்தச் செடி தெரியாது. சட்டப்படி அது தக்காளி. தக்காளிக்கு என்ன சொல்வேனோ அதைச் சொன்னேன். பூக்கத் தொடங்குது, ஒன்றும் செய்யாதே, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடு என்றேன். அவர் சந்தோஷமாக வைத்துவிட்டார்.

4. வாளி

கந்தசஷ்டிக்கு சுகந்தி வீடு முழுக்கக் கழுவி, மச்சம் சமைக்கிற சட்டிகளை ஒரு பெட்டியில் கட்டிக் கராஜுக்குள் வைத்துவிட்டார். ஆறு நாளும் வீட்டில் மீன், முட்டை எதுவும் இல்லை. ஜெயனும் தலையாட்டினார். வாளியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. வாளி டென்டுக்குள் லைட்டுக்குக் கீழே இருந்தது. அந்த வீட்டில் சூடான இடம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மூடி வெடித்தது.

இறுக்கி மூடச் சொன்னது நான். இடைக்கிடை திறந்து காற்று விடச் சொல்ல மறந்தேன். இதைத் தனிப் பிழையாகக் கணக்கெடுக்கவில்லை. அடுத்து வந்ததைப் பார்த்தால் இது சின்னது.

கரி ஃபில்டர் இலை மணத்தைப் பிடிக்கும். ஒரு வாளி மீன் குடலைப் பிடிக்காது. ஃபேன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. டென்டுக்குள் இருந்த முழு மணத்தையும் இழுத்துக் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்காரி சமைக்கிற குசினிக்கு நேரே விட்டது. வீட்டுக்குள் அன்றைக்கு மணம் தெரியவில்லை. பின்னேரம் முற்றத்தில் இரண்டு நரி வந்து குந்தியிருந்ததாம். பக்கத்து வீட்டுப் பெண் கவுன்சிலுக்கு ஃபோன் அடித்தார்.

அடுத்த நாள் காலை ஜெயன் கடைக்கு ஃபோன் எடுத்தார். இரண்டு மணிக்குக் கவுன்சில் ஆள் வருகிறார். வீடு சுகந்தியின் பெயரில் என்றபடியால் அவருக்கும் அறிவித்துவிட்டார்கள். சுகந்தி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஷிப்டைப் பாதியில் விட்டு வந்துகொண்டிருக்கிறார். தன்னால் வாளியைத் தூக்க ஏலாது என்றார் ஜெயன். அழுகிற குரல்.

வீடுகளுக்குப் போவதில்லை என்பதும் கடைச் சட்டம்தான். நான் ஜாக்கெட்டைப் போட்டேன். அண்ணை என்னை மறிப்பார் என்று நினைத்தேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து சுரண்டுகிற தகட்டை எடுத்தார்.

"டென்டில எங்கட ஸ்டிக்கர் இருக்கு. லைட்டில இருக்கு. ஃபில்டரில ரெண்டு."

ஜெயனின் வீடு போய்விடுமே என்று கேட்டேன்.

"அது கவுன்சில்ர வீடு. கடை என்ர."

நோர்த் சர்குலர் ரோட்டில் அண்ணைதான் வேனை ஓட்டினார். வாளி என்று யார் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் ஒருமுறை கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

5. கதவு

போய்ச் சேர ஒன்று நாற்பது. செடியை வெளியே கொண்டுபோக வழியில்லை. முறைப்பாடு சொன்ன பக்கத்து வீட்டுப் பெண் தன் ஜன்னலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணை டென்டுக்குள் தலையை விட்டு ஸ்டிக்கர் சுரண்டினார். நான் வாளியைத் தூக்கிக் குளியலறையில் வைத்துவிட்டு நிலத்தைத் துடைத்தேன். லைட்டின் ஒளி கண்ணைக் கூசியது. செடியைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தவும் சுகந்தி வேலை உடுப்போடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. மூக்கைப் பொத்தினார். எங்களைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"ஆறு நாள் உங்களால இருக்க ஏலாதோ? மீன் தின்னக் கூட்டாளியளும் வேணுமோ?" என்று ஜெயனைக் கேட்டார்.

அவர் பதில் சொல்ல முன்னர் மணி அடித்தது.

கவுன்சில் ஆள் மரியாதையானவர். வீட்டுக்குள் மீன் பதப்படுத்துவதாக முறைப்பாடு, ஒருக்கால் பார்க்க வேண்டும் என்றார். சுகந்தி நிமிர்ந்து நின்று நல்ல இங்கிலிஷில் சொன்னார். இது எங்கள் விரத நாள், இந்த வீட்டில் மீன் இல்லை, எந்த அறையையும் திறந்து பாருங்கள்.

உண்மையாக நினைத்துச் சொன்னார். ஜெயன் கண்ணை மூடினார்.

கவுன்சில் ஆள் குசினியைப் பார்த்தார். முன் அறையைப் பார்த்தார். பிறகு அறைகளுக்கு இடையிலுள்ள ஓடைக்குள் வந்து சின்ன அறைக் கதவுக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார். பிடியில் கை வைத்தார்.

நான் குளியலறைக்குள் போய் வாளியைத் தூக்கி வந்து அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே போட்டிருந்த துவாயை எடுத்தேன்.

"மை ஃபிஷ்" என்றேன். "ஓர்கானிக். ஃபோர் டொமேட்டோ."

வாளிக்குள் இருந்த அகப்பையால் ஒருமுறை கிண்டியும் காட்டினேன்.

அவர் கையைப் பிடியிலிருந்து எடுத்து வாயில் வைத்தார். விறுவிறு என்று நடந்து வெளியே போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வெளியே நின்றபடியே எழுதினார். காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, வாளி இன்றைக்கே போக வேண்டும், தோட்டம் செய்வது நல்ல விஷயம், ஆனால் இப்படி வேண்டாம். உள்ளே அவர் திரும்ப வரவில்லை. நரிகளும் போய்விட்டன என்று ஜெயன் பிறகு சொன்னார்.

6. எந்த ஊர்த் தக்காளி

சுகந்தி வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தானே போய்ச் சின்ன அறையைத் திறந்தார். டென்டின் ஜிப்பை மேலிருந்து கீழே இழுத்தார்.

நாங்கள் பின்னால் நின்றோம். அந்த இலை எல்லாருக்கும் தெரிந்த இலை. பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற பெடியள் பனியனில் போட்டிருக்கிறார்கள்.

"இது எந்த ஊர்த் தக்காளி?" என்றார்.

ஜெயன் முதுகைச் சொன்னார். நித்திரையைச் சொன்னார். ஸ்டேஷனடியில் வாங்கினதைச் சொன்னார். விதை ஹொலண்டில் இருக்கிற மச்சான் பிறந்தநாள் அட்டைக்குள் வைத்து அனுப்பினது என்றார். சுகந்தி கடைசி வரை கேட்டார். குரல் உயரவில்லை.

"பதினொரு வருஷம் லிஸ்டில நிண்டு எடுத்த வீடு. ஒரு அறையில நாலு பேர் படுத்தம். உங்களுக்கு நோகுது எண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாம். நான் நாள் முழுக்க ஆக்களைத் தூக்கிக் கிடத்திறன். உங்களைத் தூக்க மாட்டனோ?"

ஜெயன் நிலத்தில் குந்தினார். அவருக்குக் குந்துவது கஷ்டம். குந்தினார்.

அந்த நேரம் பார்த்து, கதவடியில் நின்ற குலம் அண்ணை எட்டிப் பார்த்தார். இரண்டு செக்கன் இருக்கும்.

"நாலும் ஆண்" என்றார்.

எல்லாரும் திரும்பினோம். அவர் தகட்டால் ஒரு கணுவைத் தொட்டுக் காட்டினார். இந்தக் குலை ஆண் பூ, இதில் புகைக்க ஒன்றும் வராது, கண்ட உடனே பிடுங்கி எறிய வேண்டும், இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தாய் என்று ஜெயனை ஏசினார். ஜெயன் என்னைக் கையால் காட்டினார். நான் அண்ணையின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தேன். அவர் கண்ணை எடுத்துக்கொண்டார்.

சுகந்தி செடிகளை வேரோடு பிடுங்கினார். ஒவ்வொன்றாக. கறுப்புப் பையில் துண்டு துண்டாக முறித்துப் போட்டார். பிறகு மஞ்சள் கரைத்த தண்ணீரும் தும்புத்தடியும் எனக்குத் தந்தார். வாசல் முதல் பின்கதவு வரை கழுவச் சொன்னார். அண்ணைக்கும் ஒரு துணி கொடுத்தார். சைவப் பழம், நீங்கள் சாமி அறையைத் துடையுங்கோ என்றார். அவர் துடைத்தார்.

வாளியை மூன்று பைக்குள் போட்டு அண்ணையின் வேனில் கொண்டுபோனோம். வேன் இன்னும் மணக்கிறது.

வீடு இன்றும் சுகந்தியின் பெயரில்தான். ஜெயன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறார். அப்பாயின்ட்மென்ட் நாளில் சுகந்தி ஷிப்ட் மாற்றி எடுத்துக்கொண்டு கூடவே போகிறார்.

7. படித்தது

இந்தத் தொழிலுக்கு வருகிற இளம் ஆட்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வாளியின் மூடியை இறுக்காதே. சூடான இடம் என்று சொன்னால் எந்த இடம் என்றும் சொல். பெயரைச் சொல்லாமல் ஒரு சாமானை விற்றால், அதில் வருகிற பழுதையும் சொல்ல முடியாது. கணுவில் குலை தொங்குகிறது என்று ஒருவர் கேட்டார். நான் தக்காளிக்குப் பதில் சொன்னேன். ஆண் என்று சொல்லியிருந்தால் ஜெயன் அன்றைக்கே பிடுங்கியிருப்பார். அந்தப் பதிலால் ஒரு பெண்ணின் வீடு போகப் பார்த்தது.

சட்டம் கடையில் இன்றும் அதேதான். நான் அதை உடைக்கவில்லை. ஒரு கேள்வியை மட்டும் சேர்த்தேன். தக்காளிக்கு என்று வருகிறவரிடம், ஆணா பெண்ணா என்று பார்த்தீர்களா என்று கேட்கிறேன். தக்காளியில் ஆண் பெண் கிடையாது. அண்ணை கேட்டும் கேளாதது போல மண் மூட்டை அடுக்குவார்.

பெரும்பாலானவர்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள். சிலர் ஃபோனில் படம் எடுத்துக் காட்டுவார்கள். ஆணா பெண்ணா என்று நான் பார்த்துச் சொல்வேன். படம் காட்டினது பேர் சொன்ன மாதிரி, ஆனபடியால் இங்கே விற்க ஏலாது என்றும் சொல்வேன்.

ஒரு வருஷம் எண்ணினேன். கேள்வி கேட்டது நூற்றுப் பதின்மூன்று பேரிடம். உனக்கென்ன விசரா, தக்காளியில் ஆண் பெண்ணா என்பது போல என்னைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்.