இறுக்கிய பலகை

மாத்தளையில் கடைப்பலகை செய்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும், உள்ளே விளக்கெரியும் பேர்ஸ்பெக்ஸ் பலகை என்றால் ஆட்கள் ராஜநாயகத்தைத்தான் தேடி வருவார்கள். இளவயதில் கொழும்பில் ஒரு பட்டறையில் வேலை பழகியவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தப் பட்டறை எரிந்தபோது உடுத்த உடையோடு ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு யார் வம்புக்கும் போவதில்லை, எதற்கும் சாட்சி சொல்வதில்லை என்று வாழப் பழகிக்கொண்டார். மாதா கோயில் பூசையில் பாடுவதற்கு மட்டும்தான் அவர் வாய் பெரிதாகத் திறக்கும் என்று மனைவி டொறீன் கேலி செய்வாள்.

பேர்ஸ்பெக்ஸ் ஒரு வகைப் பிளாஸ்டிக். பார்வைக்குக் கண்ணாடி போலிருந்தாலும் குணம் வேறு. வெயில் பட்டால் நீளும். எட்டடிப் பலகை உச்சி வெயிலில் ஒரு நெல்மணி அளவுக்காவது நீண்டுவிடும். கடும் நிறமாக இருந்தால் இன்னும் மோசம். அதனால் சட்டத்துக்குள் ஓரம் விட்டுத்தான் பலகையை வெட்டுவார். திருகாணித் துளையை ஆணியைவிடப் பெரிதாகத் துளைப்பார். ஆணியை முறுக்கி இறுக்கமாட்டார். நீள இடமில்லாத பலகை வயிறு தள்ளும், பிறகு துளையோரமாக வெடிக்கும். இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு, தை மாதம். கலேவெலவுக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தியில், புஹாரி நானா என்று ஊர் அழைக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் புதிதாகப் புடவைக்கடை திறக்கவிருந்தார். கரும்பச்சைப் பலகை. ராஜநாயகம் முறைப்படி இடம் விட்டுத்தான் பூட்டினார். விளக்கைப் போட்டுப் பார்த்த புஹாரிக்கு முகம் சுருங்கியது.

“ஓரத்தால வெளிச்சம் வடியுதே ராஜா. காத்துக்குக் கடகடங்குது வேற. நாளைக்குக் கடை திறக்கிற, ஆக்கள் என்ன சொல்லுவாங்க? இறுக்கிடுங்களேன்.”

“இறுக்கக் கூடாது நானா. வெயிலுக்கு...”

“எங்க வெயில்? மழையல்லோ பெய்யுது!”

மழைதான் பெய்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். ஒரு தமிழன், கம்பியும் வயரும் நிறைந்த வேனோடு இருட்டில் அந்த வீதியில் நிற்பது, சண்டை நடந்த அந்த நாட்களில் நல்லதல்ல. இன்னொரு நாள் வந்து தளர்த்திக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இடைவெளிக்குள் அலுமினியப் பட்டிகளைச் செருகினார். ஆணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். பலகை அசையாமல் நின்றது. புஹாரி சிரித்தார்.

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. வேலை மேல் வேலை வந்தது. நினைவு வரும்போதெல்லாம் மனதுக்குள் ஏதோ சுருக்கென்று குத்தும், பிறகு அடங்கிவிடும்.

பங்குனி வெயில் வந்தது. ஒரு பிற்பகல் புஹாரி தொலைபேசியில் அழைத்தார். 

“ராஜா, போர்ட் வெடிச்சிட்டு. வெடிகுண்டு மாதிரிச் சத்தம். சென்ரியில நிண்ட ஆமிக்காரனுகள் எல்லாம் நிலத்துல படுத்திட்டானுகள். கீழ நிழலுக்கு நிண்ட ஒரு தோட்டத்து ஆள் பயத்துல ஓடியிருக்கான். அவனப் புடிச்சி பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க.”

“பலகைதான் வெடிச்சிச்சுன்னு நீங்க சொல்லலியா?”

“சொன்னேன். பிளாஸ்டிக் சும்மா வெடிக்குமாண்டு கேக்கிறாங்க. கையில அடையாள அட்டையும் இல்ல அவனுக்கு.”

ராஜநாயகம் தொலைபேசியை வைத்தார். எந்தத் துளையில் வெடிப்பு தொடங்கியிருக்கும் என்றுகூட அவரால் சொல்ல முடிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். விஷயத்தைக் கேட்ட டொறீன் வாசலை மறித்தாள்.

“எங்க போறீங்க? வெடிச்சது நான் செஞ்சதுன்னு பொலிசுல போய்ச் சொல்லப் போறீங்களா? ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு நமக்கு. ஒங்களையும் உள்ள போட்டா நான் எங்க போய் நிக்கிறது?”

அவள் சொன்னதில் பிழையில்லை. விசாரித்து, தப்பில்லை என்று கண்டு, இன்றைக்கே அவனை விட்டுவிடுவார்கள் என்று ராஜநாயகம் நினைத்தார், நினைக்க விரும்பினார். அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பட்டறையில் உட்கார்ந்து ஒரே தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் பட்டறை வாசலில் வந்து நின்றாள். காலில் செருப்பில்லை. பெயர் வேலம்மா, பிடிபட்ட முத்துவீரனின் மனைவி. எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மிளகு பறித்து, கொக்கோ வெட்டுகிற குடும்பம். முத்துவீரன் அன்று கலேவெலப் பக்கத்து வெங்காயக் காட்டில் கூலிக்கு நின்ற மச்சானைப் பார்க்கப் போயிருக்கிறான். புஹாரிதான் அவளுக்கு இந்த இடத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“ஐயா, அது பிளாஸ்டிக்குத்தானேங்க? வெயிலுக்கு வெடிச்சதுதானேங்க? செஞ்சவங்க நீங்க. வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அவர விட்டுருவாங்க. எனக்குச் சிங்களம் சரியா பேச வராதுங்க.”

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. எல்லாம் கடவுளின் வெயில் செய்த வேலை என்பதாகவே பேசினாள். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த டொறீன் வெளியே வந்து, வேன் சாவியைக் கணவரிடம் கொடுத்தாள். 

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே என்ன விஷயம் என்று கேட்டார். ராஜநாயகம் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார்: பலகை நீளும் என்று தனக்குத் தெரியும், இடம் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, தான்தான் அந்த இடத்தை அடைத்தது. உடைந்த துண்டுகள் மேசைக்கு வந்தன. ஆணித் துளையிலிருந்து ஓடிய வெடிப்பை விரலால் தொட்டுக் காட்டினார். கருகல் இல்லை, வெடிமருந்து மணம் இல்லை.

“அப்படியென்றால் வீணாக ஒருத்தனை வைத்திருக்கிறோம்,” என்றார் அதிகாரி. “இதைச் சொல்ல மூன்று நாளா?”



பிற்பகலில் முத்துவீரனை விட்டார்கள். வலது கை புறங்கை வரை வீங்கி, விரல்கள் மடங்காமல் இருந்தன. வேலம்மா அந்தக் கையைத் தன் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். வழியில் ஒரு கடையில் தேநீர் குடித்தபோது முத்துவீரன் இடது கையால் ராஜநாயகத்தின் கையைப் பிடித்தான்.

“நீங்க மட்டும் வரலன்னா நான் இல்லீங்க. மொத நாளு ஒன்னும் செய்யல. சோறுகூட குடுத்தாங்க. ரெண்டாம் நாளு வேற ஆளுங்க வந்தாங்க. அப்பத்தான்...”

இரண்டாம் நாள். தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நாள்.  பொலிஸ் நிலையத்தில் தான் சிங்களத்தில் ஒப்புக்கொண்டது இருவருக்கும் விளங்கவில்லை என்பது அப்போதுதான் ராஜநாயகத்துக்கு உறைத்தது. ‘சாமி மாதிரி வந்தீங்க’ என்று வேலம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

அடுத்த வாரங்களில் அவர் ஏணியோடு ஊர் ஊராகப் போனார். அலுவிகாரை, நாலந்தா, தம்புள்ளை என்று தான் பூட்டிய பலகைகள் ஒவ்வொன்றிலும் ஏறி, துளைகளைப் பெரிதாக்கி, ஆணிகளைத் தளர்த்தினார். கடைக்காரர்கள் காரணம் கேட்டால் வெயில் என்றார். ஆனால் மனதுக்குள் இறுகியது மட்டும் தளரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பஸ் பிடித்து, முத்துவீரனின் தோட்டத்துக்கு ஏறிப் போனார். லயத்து வரிசை வீடுகளில் அவர்களுடைய ஒற்றைக் காம்பராவில் அவருக்குப் பாய் விரித்து, வெறுந்தேநீர் கொடுத்தார்கள். குடிக்காமல் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். இம்முறை தமிழில். மழை நாள், வடிந்த வெளிச்சம், செருகிய பட்டி, முறுக்கிய ஆணி, எல்லாம்.

 சொல்லி முடித்ததும் முத்துவீரன் கேட்டான்.

“அது வெயிலுக்குத்தான் வெடிச்சிச்சுன்னு ஒங்களுக்கு எப்பங்க தெரிஞ்சிச்சு?”

“அன்னிக்கே. போன் வந்தப்பவே.”

“அப்ப, ரெண்டாம் நாளு...”

 அவன் தன் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலம்மா எழுந்து அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“பயந்துட்டேன்,” என்றார் ராஜநாயகம்.

“நானும் பயந்துதாங்க ஓடுனேன்,” என்றான் முத்துவீரன். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பிறகு எழுந்து, “ஒங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க,” என்றான்.

அந்தக் கையால் பிறகு கத்தி பிடிக்க முடியவில்லை. தோட்டத்தில் அவனுக்குக் காவல் வேலை கொடுத்தார்கள் என்று ராஜநாயகம் கேள்விப்பட்டார். மறு வருடம், சண்டை முடிந்த பிறகு, மாத்தளை பஸ் நிலையத்தில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். முத்துவீரன் தலையை மெல்ல அசைத்தான், நிற்காமல் நடந்தான். கூப்பிட வாயெடுத்த ராஜநாயகம், அவன் கூட்டத்தில் மறையும் வரை அங்கேயே நின்றார்.